அரை மில்லிமீட்டர் அலகு

(நம் நலச் சங்கத்தின் மாதாந்திரக் கூடுகையில் சமூகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்கள் இங்கே இல்லை என்பதால் சில இடங்களில் விளக்கம் சேர்த்திருக்கிறேன்.)



பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் உயிரியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பரிணாமம் என்ற பாடத்தில் ஒரு படம் இருக்கும். குருவித் தலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி அலகு. கீழே 'டார்வினின் ஃபிஞ்சுகள்' என்று போட்டிருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள்: டார்வின் கலாபகோஸ் தீவுகளுக்குப் போனார், இந்தக் குருவிகளைப் பார்த்தார், பரிணாமக் கொள்கை பளிச்சென்று உதித்தது. தேர்வுக்கு அது போதும். ஆனால் நடந்தது அப்படி இல்லை. உண்மைக் கதை இதைவிடச் சுவாரசியமானது. அது இன்னும் முடியவும் இல்லை.

கலாபகோஸ், தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் கடலில் பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கிற எரிமலைத் தீவுக்கூட்டம். டார்வின் 1835 செப்டம்பரில் பீகிள் கப்பலில் அங்கே போய்ச் சேர்ந்தார். ஐந்து வாரம் இருந்தார். வயது 26. குருவிகளைச் சுட்டுப் பதப்படுத்தி எடுத்துக்கொண்டார். ஆனால் எந்தக் குருவி எந்தத் தீவில் கிடைத்தது என்று ஒழுங்காகச் சீட்டு ஒட்டவில்லை. அவை எல்லாம் ஒரே குடும்பம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. லண்டன் திரும்பியபின் 1837இல் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் அவற்றை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, இவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள தனித்தனி இனங்கள் என்று சொன்னார். அதன் பிறகுதான் டார்வின், கப்பல் கேப்டன் ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் சேகரித்து வைத்திருந்த குருவிகளைக் கேட்டு வாங்கி, எது எந்தத் தீவு என்று சரிபார்த்தார். 1859இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் இந்தக் குருவிகளுக்குத் தனியிடம் கிடையாது. 'டார்வினின் ஃபிஞ்சுகள்' என்ற பெயரை உலகம் முழுக்கப் பரப்பியது டேவிட் லாக் என்ற ஆங்கிலேயர் 1947இல் எழுதிய புத்தகம்.

சொல்லப்போனால் இவை ஃபிஞ்சுகளே இல்லை. டானஜர் என்ற தென் அமெரிக்கப் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எப்போதோ, இருபது முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் என்று கணக்கிடுகிறார்கள், ஒரு சிறு கூட்டம் கடல் தாண்டி அங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து இன்றைக்குச் சுமார் 18 இனங்கள். கள்ளிப் பூவைத் தின்ன ஒன்று, பூச்சியைக் கொத்த ஒன்று, இலையையும் மொட்டையும் தின்ன ஒன்று. கள்ளி முள்ளை ஒடித்து வாயில் பிடித்துக்கொண்டு, மரப்பொந்தில் குத்திப் புழுவை வெளியே எடுக்கிற குருவிகூட இருக்கிறது. ஆளில்லாத வடக்குத் தீவுகளில் ஒன்று, பெரிய கடற்பறவைகளின் முதுகில் உட்கார்ந்து இறகடியைக் கொத்தி ரத்தம் குடிக்கிறது. கொத்து வாங்குகிற பறவை பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது!

இதெல்லாம் எப்படி வந்தது? டார்வின் சொன்ன பதில், இயற்கைத் தேர்வு. ஆனால் அது மிக மிக மெதுவாக நடப்பது, மனித வாழ்நாளில் கண்ணால் பார்க்க முடியாதது என்று அவரே நம்பினார். அதைக் கண்ணால் பார்த்த ஒரு தம்பதியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்.

1973இல் அவர்கள் டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவுக்குப் போனார்கள். மொத்தம் சுமார் 84 ஏக்கர். நம் ஊர்ப் பக்கம் டவுன்ஷிப் என்று பெயர் வைத்து விளம்பரம் கொடுப்பார்களே, அந்த அளவு. மனிதர் குடியிருப்பு கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது, மணற்கரை கிடையாது. அலை மேலே எழும்பும் நேரம் பார்த்துப் படகிலிருந்து பாறைமேல் தாவி இறங்க வேண்டும். குடிதண்ணீரும் சாப்பாடும் சுமந்து மேலே ஏற வேண்டும். இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓரிரு ஆண்டு வேலை என்று ஆரம்பித்தது, 2012 வரை, நாற்பது ஆண்டு நீண்டது.

செய்த வேலை கேட்பதற்கு மிகச் சாதாரணம். வலை கட்டிக் குருவியைப் பிடிப்பது, அலகின் நீளம், அகலம், தடிமன், இறக்கை, எடை எல்லாம் அளப்பது, காலில் வண்ண வளையம் மாட்டி விட்டுவிடுவது. ஒவ்வொரு குருவிக்கும் ஒரு நம்பர். அதன் அப்பா அம்மா யார், எத்தனை குஞ்சு, எப்போது செத்தது, எல்லாம் நோட்டுப் புத்தகத்தில். நம் அலுவலகத்தில் ஃபிளாட் வாரியாக ஒரு பதிவேடு இருக்கிறதல்லவா, அதே மாதிரி. இங்கே நாம் எத்தனை பேர் எந்த ஃபிளாட்டில் இருக்கிறார்கள் என்று சரியாக எழுதி வைக்கவே திண்டாடுகிறோம் என்பதைச் செயலாளர் ஒப்புக்கொள்வார்.

அந்தத் தீவில் அதிகம் இருந்தது நடுத்தரத் தரைக் குருவி. நம் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சிறியது. தரையில் விழும் விதைகளைத் தின்பது. விதைகளில் இரண்டு வகை. ஒன்று, மென்மையான சிறு விதைகள். எந்தக் குருவியும் தின்னலாம். இன்னொன்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது, நெருஞ்சி. நம் ஊர் நெருஞ்சியின் உடன்பிறப்பு மாதிரியான செடி அங்கே வளர்கிறது. வெறுங்காலோடு காலி மனையில் நடந்தவர்களுக்கு அந்தக் காயின் குணத்தைச் சொல்லத் தேவையில்லை. முள் ஒரு பக்கம் இருக்கட்டும். விதை அந்தக் கட்டையான ஓட்டுக்குள்ளே இருக்கிறது. அதை உடைக்கப் பலமான, தடித்த அலகு வேண்டும்.

1977இல் மழை பொய்த்தது. மழைக்காலம் முழுக்கச் சேர்த்து 24 மில்லிமீட்டர்தான் பெய்தது. முந்தைய ஆண்டு நூறு மில்லிமீட்டருக்கும் மேல். செடிகள் காய்ந்தன, புது விதை இல்லை. கீழே கிடந்த சிறு விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. மிச்சம் கிடந்தது பெரும்பாலும் நெருஞ்சி போன்ற கெட்டி விதைகள்தான். அந்த ஆண்டு இந்தக் குருவிகள் கூடே கட்டவில்லை. சுமார் 1,200 இருந்த இடத்தில் ஆண்டு முடியும்போது 180 அளவுக்குத்தான் மிஞ்சின. நூற்றுக்கு எண்பத்தைந்து செத்துவிட்டன.

இங்கே அந்த நோட்டுப் புத்தகம் பேசியது. செத்தது யார், பிழைத்தது யார் என்று பார்த்தால், பிழைத்தவற்றின் அலகு சராசரியாகச் சற்றுத் தடிமன். எவ்வளவு தடிமன்? அரை மில்லிமீட்டர். உங்கள் பர்ஸில் இருக்கிற ஏடிஎம் கார்டு முக்கால் மில்லிமீட்டர் தடிமன். அதைவிடக் குறைவான வித்தியாசம். கையில் இரண்டு குருவியையும் வைத்துப் பார்த்தால் நமக்குத் தெரியாது. பட்டினிக்குத் தெரிந்தது.

அடுத்து மழை பெய்தது, மிஞ்சியவை குஞ்சு பொரித்தன. குஞ்சுகளுக்கும் அப்பா அம்மா மாதிரியே தடித்த அலகு. வறட்சிக்கு முந்தைய தலைமுறையைவிட இந்தத் தலைமுறையின் சராசரி அலகு ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு பெரிதாகிவிட்டது. ஒரே ஒரு வறட்சி, ஒரே ஒரு தலைமுறை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். 'கஷ்ட காலம் வந்தது, குருவிகள் முயற்சி செய்து அலகைப் பெரிதாக்கிக்கொண்டன' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கேட்க நன்றாக இருக்கும், தன்னம்பிக்கைப் பேச்சுக்குப் பயன்படும். ஆனால் எந்தக் குருவியின் அலகும் மாறவில்லை. வளர்ந்த குருவியின் அலகு வளர்ந்ததுதான். வறட்சி வருவதற்கு முன்பே கூட்டத்தில் சில தடித்த அலகுகள் இருந்தன, சில மெல்லிய அலகுகள் இருந்தன. வறட்சி எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. இருந்ததில் கழித்தது. மாறியது கூட்டத்தின் சராசரி. அதற்கான விலை ஆயிரம் குருவிகள். 'தகவமைப்பு' என்று பாடப் புத்தகத்தில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள்ளே எத்தனை சாவு இருக்கிறது என்று நான் படிக்கும்போது யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, அப்படியானால் அலகு பெரிதாகிக்கொண்டே போக வேண்டுமே? போகவில்லை. 1982 கடைசியில் தொடங்கி 1983 வரை எல் நினோ வந்தது. பசிபிக் கடல் சூடாகி மழை கொட்டுகிற நிகழ்வு. அந்தக் காய்ந்த தீவில் 1,300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னையில் ஒரு சாதாரண ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடிகள் வளர்ந்து நெருஞ்சியையும் கள்ளியையும் மூடிவிட்டன. எங்கே பார்த்தாலும் சிறு விதை. அடுத்து வறட்சி வந்தபோது, சிறு விதையைச் சட்டுச்சட்டென்று பொறுக்கித் தின்னும் சின்ன அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. ஊசல் திரும்பிவிட்டது. எது நல்ல அலகு என்று யாராவது கேட்டால், எந்த ஆண்டு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

அதே மழைச் சமயத்தில் தீவுக்கு ஒரு புது ஆள் குடிவந்தது. பெரிய தரைக் குருவி. நெருஞ்சியை உடைப்பதற்கென்றே செய்த மாதிரி அலகு. நாளாக நாளாக அதன் கூட்டம் பெருகியது. 2003இல் தொடங்கி மறுபடி வறட்சி. இப்போது நடுத்தரக் குருவிகளில் தடித்த அலகு உள்ளவை மாட்டிக்கொண்டன. 1977இல் அவற்றைக் காப்பாற்றிய நெருஞ்சியை இந்த முறை பெரியவர்கள் தின்றுவிட்டார்கள். நடுத்தரக் குருவிகளின் சராசரி அலகு சடாரெனச் சிறிதானது. அதே தீவு, அதே இனம், அதே மாதிரி வறட்சி; பக்கத்து வீட்டுக்காரர் வேறு என்பதால் முடிவு தலைகீழ். பிறகு 2015, 2016இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லெய்ஃப் ஆண்டர்சன் குழுவினர் இந்தக் குருவிகளின் மரபணுவைப் படித்து, அலகின் வடிவத்துக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என முக்கியமான இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். அந்த வறட்சியில் யார் பிழைப்பது என்பதில் இரண்டாவது மரபணுவுக்குப் பெரிய பங்கு இருந்தது.

இன்னொரு கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981இல் டாஃப்னேவுக்குத் தனியாக ஒரு ஆண் குருவி வந்தது. உருவத்தில் பெரியது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எஸ்பனோலா தீவின் இனம் என்று பிற்பாடு மரபணுவை வைத்துத்தான் தெரிந்தது. உள்ளூர்ப் பெண் குருவியோடு சேர்ந்தது. இந்தக் குருவிகளில் பையன்கள் பாட்டை அப்பாவிடமிருந்து கற்றுக்கொள்வார்கள். வெளியூர்க்காரரின் பாட்டு வேறு. அந்தப் பாட்டைப் பாடுகிற பிள்ளைகளை உள்ளூர்ப் பெண் குருவிகள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் அந்த வம்சத்தில் ஒரு அண்ணனும் தங்கையும் மட்டுமே மிஞ்ச, அவை தமக்குள்ளேயே இணைந்தன. அதிலிருந்து அந்த வம்சம் வெளியே கலக்காமல் தனிக் கூட்டமாக வாழ்ந்தது. ஒரு புது இனம் தொடங்குகிற மாதிரி ஒன்று, நோட்டுப் புத்தகத்தோடு ஆள் உட்கார்ந்திருக்கும்போதே நடந்தது.

இப்போது மனிதர் இல்லாத டாஃப்னேவிலிருந்து மனிதர் இருக்கிற தீவுக்கு வருவோம். பக்கத்தில் சாந்தா குரூஸ் என்ற பெரிய தீவு. அதில் புவேர்ட்டோ அயோரா என்ற ஊர். 1960களில் சிறு கிராமம். இன்று சுற்றுலாவால் பல ஆயிரம் பேர் வாழும் நகரம். அங்கேயும் அதே நடுத்தரத் தரைக் குருவி உண்டு. 1960களில் அளந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது: சின்ன அலகுக்காரர்கள் ஒரு கூட்டம், பெரிய அலகுக்காரர்கள் ஒரு கூட்டம், நடுவாந்தரம் குறைவு. சின்னது சிறு விதையைத் தின்னும், பெரியது கெட்டி விதையைத் தின்னும், இரண்டுக்கும் நடுவில் இருப்பது எதிலும் தேறாது. ஓரினம் இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கும் பாதை இது.

பிறகு ஊர் வளர்ந்தது. மறுபடி அளந்தபோது ஊருக்குப் பக்கத்தில் அந்த இடைவெளி மறைந்து போயிருந்தது. நடுவாந்தர அலகுகளும் நிறைய. ஊரைவிட்டுத் தள்ளி, ஆட்கள் குறைவான எல் கரபாத்தேரோ என்ற இடத்தில் மட்டும் இரண்டு கூட்டமும் தனித்தனியாகவே இருந்தன. ஆண்ட்ரூ ஹென்ட்ரியும் சக ஆய்வாளர்களும் 2006இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் சந்தேகப்பட்ட காரணம், மனிதர் கொடுக்கிற தீனி. குறிப்பாக, வீடுகளில் வைக்கிற அரிசி! அரிசியைத் தின்ன எந்த அலகும் போதும். மெல்லிசு, தடிசு என்ற வித்தியாசத்துக்கு அங்கே வேலை இல்லை. யாரும் பட்டினி கிடக்கவில்லை, கழிவதும் இல்லை.

பால்கனியில் புறாவுக்கும் காக்கைக்கும் சோறு வைக்கிற பெரியவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் காக்கையும் புறாவும் பல நூறு ஆண்டாக மனிதரோடு வாழ்ந்து பழகியவை. அந்தக் கணக்கு வேறு, புறா விவகாரம் சங்கத்தின் வேறு கூட்டத்துக்கு உரியது. அந்த ஊர்க்காரர்களும் அன்போடு வைத்த அரிசிதான் அது. அன்பும் ஒரு சூழல்தான் என்பது அங்கே அளந்து பார்த்ததில் தெரிந்தது.

அரிசி ஒரு மென்மையான பிரச்சினை. கடைசியாகச் சொல்லப்போவது அப்படியல்ல. தீவுகளுக்கு மனிதரோடு ஒரு ஈ வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1964இலேயே பிடித்து வைத்த பூச்சி மாதிரிகளில் அது இருந்திருக்கிறது. 1997இல்தான் குருவிக் கூட்டுக்குள் அதன் புழுக்களைக் கண்டார்கள். வளர்ந்த ஈ பழம் தின்னும், சாது. ஆனால் அது குருவிக் கூட்டில் முட்டையிடும். புழுக்கள் முதலில் குஞ்சின் மூக்குத் துவாரத்துக்குள் புகுந்து தின்னும். பிறகு கூட்டின் அடியில் தங்கி ராத்திரியில் மேலே வந்து ரத்தம் உறிஞ்சும். பல கூடுகளில் ஒரு குஞ்சுகூடப் பிழைப்பதில்லை. தப்பிப் பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு மூக்குத் துவாரம் பெரிதாகி அலகே உருமாறிப் போயிருக்கும்.

முன்பு சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். இதுவும் அலகில் ஏற்படுகிற மாற்றம்தான், அரை மில்லிமீட்டரைவிடப் பெரிய, கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். ஆனால் இது பிள்ளைகளுக்குப் போகாது. காயம் வாரிசுக்கு வராது. பிறவியிலேயே இருக்கிற சின்ன வித்தியாசம் மட்டும்தான் வரும்.

'வறட்சிக்குப் பழகிய குருவி ஈக்கும் பழகிக்கொள்ளாதா?' என்று கேட்கலாம். பழகலாம், கூட்டத்தில் ஏற்கனவே ஈயைத் தாங்குகிற சிலர் இருந்தால், கழித்தது போகக் கூட்டம் மிஞ்சினால். 1,200 பேர் இருந்த இடத்தில் 180 மிஞ்சினார்கள். மொத்தமே நூறு பேர் இருந்தால்?

அப்படி ஒரு இனம் இருக்கிறது. சதுப்புநிலக் காட்டு ஃபிஞ்ச், அதாவது நம் பிச்சாவரத்தில் பார்க்கிறோமே அந்த மாதிரி அலையாத்திக் காட்டில் வாழ்வது. இசபெலா தீவின் வடமேற்கு மூலையில் மட்டும்தான் மிச்சம். சுமார் நூறு குருவிகள். நம் ஒரு பிளாக்கில் இருக்கும் ஆட்களைவிடக் குறைவு. உலகத்தில் அவ்வளவுதான்.

2014 முதல் சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்து ஆட்கள் அங்கே மரமேறி முட்டைகளை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளுக்குக் கையால் ஊட்டி வளர்த்து, ஈ தொட முடியாத வயது வந்ததும் அதே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இன்னொரு பக்கம் சேரா நூட்டி என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். துணி காயப்போடும் கயிற்றிலிருந்து பிரிந்த பஞ்சு இழைகளைக் குருவிகள் பிய்த்துக்கொண்டு போயின, கூடு கட்டுவதற்காக. அப்படியானால் மருந்து தடவிய பஞ்சை நாமே வைத்தால் என்ன? வைத்தார்கள். பேன் மருந்தில் இருக்கிற அதே பெர்மெத்ரின். குருவிகள் தாங்களாகவே எடுத்துப்போய்க் கூட்டில் பின்னிக்கொண்டன. ஒரு கிராம் பஞ்சு சேர்ந்த கூடுகளில் புழுக்கள் அநேகமாக இல்லை. 2014இல் அந்த முடிவு வெளியானது. ஆனால் இது தற்காலிக ஏற்பாடு. ஈயையே ஒழிக்க வழி தேடும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அவ்வளவுதான் நான் கொண்டுவந்தது. நேரம் எடுத்துக்கொண்டு மேலும் படிக்க விரும்புகிறவர்களுக்கு, கிராண்ட் தம்பதியின் வேலையைப் பற்றி ஜோனதன் வெய்னர் எழுதி 1995இல் புலிட்சர் பரிசு பெற்ற ஆங்கிலப் புத்தகம் ஒன்று உண்டு. நம் நூலக அலமாரிக்கு ஒரு பிரதி வாங்கலாம் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள்.